மறுத்துப் பேச ஓர் ஆள்

மூத்தவள்: சிரிக்காதேடி. முழுசாப் படிச்சுட்டுச் சொல்லு.

இளையவள்: படிச்சுட்டேன் அக்கா. முதல் பக்கம் பூரா, ஆதிகாலம் தொட்டே மனிதன் அறிவைத் தேடி அலைஞ்சுட்டே இருக்கான். நூலகத்துக்கு எப்ப வந்து சேருவான்?

மூத்தவள்: ரெண்டாவது பக்கத்துல.

இளையவள்: அதுவரைக்கும் யாரு முழிச்சிருப்பா?

மூத்தவள்: முன்னுரைன்னா அப்படித்தானே...

இளையவள்: முன்னுரையைத் தூக்கி ஓரமா வை. கடைசியில எழுதிக்கலாம். உன் கட்டுரை என்ன சொல்லுது? ஒரே வரியில சொல்லு.

மூத்தவள்: நூலகம் ராத்திரியிலும் திறந்திருக்கணும்.

இளையவள்: எந்த நூலகம்? விடிய விடியவா? வருஷம் பூராவா? பேய்க்கும் சேர்த்தா?

மூத்தவள்: ஏய்... சரி. நம்ம பொது நூலகம். பரீட்சை மாசங்கள்ல மட்டும். பத்து மணி வரைக்கும்.

இளையவள்: ஆங்... இப்பதான் சண்டைக்கு ஒரு விஷயம் கிடைச்சிருக்கு. எழுதிக்கோ. ஏன் திறக்கணும்?

மூத்தவள்: படிக்க இடமில்லாதவங்க நிறைய பேர் இருக்காங்க.

இளையவள்: யாரு சொன்னா?

மூத்தவள்: எல்லாருக்கும் தெரியும்.

இளையவள்: எல்லாரும்னா யாரும் இல்லைன்னு அர்த்தம். சாட்சியைக் கொண்டா.

மூத்தவள்: இருக்கே! நேத்து பூட்டுற நேரத்துல வாசல்ல நின்னு, வெளிய வந்தவங்களை நிறுத்திக் கேட்டேன். இனிமே எங்க போய்ப் படிப்பீங்கன்னு. நர்ஸ் படிப்பு படிக்கிற பொண்ணு ஒருத்தி, ரயில் நிலையத்துக்குன்னு சொன்னா.

இளையவள்: ஊருக்குப் போறாளா?

மூத்தவள்: இல்லைடி. பெஞ்சுல உட்கார்ந்து படிக்க. அங்கதான் விளக்கை அணைக்க மாட்டாங்களாம். அவ வீட்டுல ஒரே அறை, ஆறு பேர்.

இளையவள்: இதை எங்க எழுதியிருக்க?

மூத்தவள்: எழுதலை. கட்டுரையில அதெல்லாம் போடலாமா?

இளையவள்: ஆதிகால மனிதனுக்கு ஒரு பக்கம், இவளுக்கு ஒரு வரிகூடக் கிடையாதா! முதல்ல இவளை உட்கார வை. ஆனா ஒருத்தி பத்தாது. மத்தவங்க சொன்னதையும் சேர்த்துக்கோ. ஒரு பத்தியில ஒரு விஷயம்தான். ரெண்டைப் போட்டுக் குழப்பாதே...

அம்மா: அங்க என்ன சத்தம்? சின்னவளே, அவளைத் தொந்தரவு பண்ணாதே. நீதான் எழுதலைன்னுட்டியே!

இளையவள்: உதவிதாம்மா பண்றேன்!

அம்மா: நல்ல பிள்ளை. கட்டுரையைப் பார்த்துக் கருத்தரங்குக்கு வகுப்புல ஒருத்தரைத்தானே அனுப்புவாங்க. இந்தத் தடவை அவ போகட்டும். பாவம், எவ்வளவு பட்டுட்டா.

மூத்தவள்: உடைஞ்சது கால்தாம்மா. தலை இல்லை!

இளையவள்: விடு அக்கா. ஒரு வருஷம் படுக்கையில போயி, இப்ப தங்கச்சியோட ஒரே வகுப்புல உட்கார்ந்திருக்கியேன்னு அம்மாவுக்கு வருத்தம்.

மூத்தவள்: உனக்கு?

இளையவள்: எனக்கென்ன, நான் தூங்கும்போது குறிப்பெடுக்க ஆள் கிடைச்சுது. பேச்சை மாத்தாதே. இப்ப நான் மறுத்துப் பேசப் போறேன். கோபப்படக் கூடாது.

மூத்தவள்: பேசு, பேசு.

இளையவள்: பத்து மணி வரைக்கும் யாரு உட்கார்ந்திருப்பா?

மூத்தவள்: நூலகர்...

இளையவள்: அவங்க வீட்டுக்குப் போற கடைசி பஸ் எட்டரைக்கு. அப்புறம் நடந்தா போவாங்க? புத்தகம் எடுத்துத் தர்ற அம்மாவுக்குக் கைக்குழந்தை. உனக்கு விளக்கு எரியணும்னு அந்தப் பிள்ளை அழுதுட்டுக் கிடக்கணுமா?

மூத்தவள்: அடேயப்பா!

இளையவள்: பதில் சொல்லு.

மூத்தவள்: இரு, யோசிக்க விடு... அந்தப் பொண்ணுக்குப் புத்தகம் வேணாம்டி. கையிலயே வெச்சிருந்தா. அவளுக்கு வேண்டியது மேசையும் வெளிச்சமும்தான்.

இளையவள்: அதனால?

மூத்தவள்: நூலகத்தைப் பூட்டிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போகட்டும். தெருப் பக்கம் இருக்கிற படிப்பறை மட்டும் திறந்திருக்கட்டும். அதுக்குத் தனி வாசல் இருக்கு. காவல்காரர் ராத்திரி எப்படியும் அங்கதான் இருக்காரு!

இளையவள்: தனி வாசலா... என் கண்ணுல படலையே.

மூத்தவள்: உன் கண்ணுல எதுக்குப் படணும்? நீதான் எழுதலையே.

இளையவள்: சும்மா சொன்னேன்.

மூத்தவள்: நூலகரோட பஸ், அந்த அம்மாவோட குழந்தை... அதுவும் சும்மாவே தெரிஞ்சுதா?

இளையவள்: அக்கா...

மூத்தவள்: ம்.

இளையவள்: திட்டாதே. நானும் எழுதிட்டேன். அதே தலைப்புல, ராத்திரி திறக்கக் கூடாதுன்னு. அவங்ககிட்டயெல்லாம் போய்ப் பேசிட்டுத்தான் எழுதினேன். காலையிலயே கொடுத்தாச்சு.

மூத்தவள்: தெரியும்.

இளையவள்: தெரியுமா! தெரிஞ்சுக்கிட்டேதான் என்கிட்ட கொண்டு வந்தியா?

மூத்தவள்: வேற எவகிட்டப் போவேன்? மத்தவங்க எல்லாம் நல்லா இருக்குன்னு திருப்பிக் கொடுத்துடுறாங்க.

இளையவள்: உனக்கு விட்டுடணும்னுதான் இருந்தேன், சத்தியமா. நம்ம வகுப்பு மேடம்தான் தனியாக் கூப்பிட்டு, நீ எழுதியே ஆகணும்னு பிடிவாதம் பிடிச்சாங்க. என் மேல திடீர்னு என்ன அக்கறையோ, இப்ப வரைக்கும் புரியலை.

மூத்தவள்: அவ எழுதலைன்னா நானும் எழுத மாட்டேன்னு அவங்க மேசை முன்னாடி போய் நின்னது நான்தான்டி. நீ ஒதுங்கிக்கிட்டு நான் தேர்வானா, கருத்தரங்கு மேடையில என் பேரைக் கூப்பிடும்போது எனக்கு எழுந்திருக்கவே மனசு வராது... தள்ளு, விளக்கை மறைக்காதே. நாளைக்குக் கொடுக்கணும்.