சாக்கடைத் தண்ணீர் ஒரு பாட்டில்

— காப்பி அப்புறம் குடிக்கறேன் வசந்தாமணியக்கா. மொதல்ல கோழி ஷெட்டுக்குப் பின்னாடி இருக்கற சாக்கடையக் காட்டுங்க.

— சேலத்துல இருந்து வந்ததும் வராததுமா அதைத்தான் கேக்கற அபிநயா. போன்லயும் அதேதான். எதுக்கு சாமி?

— உங்க வீட்டுக்காரர் கால் புண்ணுல இருக்கற கிருமிக்கு எந்த ஊசியும் கேக்கலைன்னு டாக்டர் சொன்னாருல்ல?

— சொன்னாரு கண்ணு. முழங்காலோட எடுத்தரோணும்னாரு. இவரு செவுத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டாரு.

— அந்தக் கிருமியக் கொல்ற வைரஸ் ஒண்ணு இருக்கும்க்கா. மனுசன ஒண்ணும் பண்ணாது. ஆனா ஒரு வைரஸ் ஒரு சாதிக் கிருமியத்தான் தொடும். எங்க லேப்ல இருந்ததெல்லாம் போட்டுப் பாத்துட்டோம், எதுவும் பொருந்தல.

— அது எங்கூட்டுச் சாக்கடையில என்னத்துக்கு இருக்குது?

— அவருக்கு ஆணி குத்துனது இங்கதான? கிருமி எங்க பெருகுதோ அங்கதான் அதைத் திங்கறதும் இருக்கும். உறுதியாச் சொல்ல முடியாது, தேடித்தான் பாக்கணும். டாக்டர் ஒரு வாரம் பொறுக்கறேன்னிருக்காரு.

— வா, இந்தப் பக்கம்.

— ஏங்கக்கா, என்ன இது இவ்வளவு வெள்ளையா இருக்கு?

— படிச்ச புள்ள வருது, நாத்தத்துல நிக்கக் கூடாதேன்னு காலையில ஒரு மூட்ட பிளீச்சிங் பவுடரக் கொட்டிக் கழுவி உட்டேன்.

— எருக்குழியிலயுமா?

— அதுலயுந்தான். ஏன் சாமி, மூஞ்சி மாறுது?

— பிளீச்சிங் பட்டா கிருமியும் போயிரும், வைரஸும் போயிரும்க்கா.

— அய்யோ. அவரு காலயே கழுவி உட்டுட்டேனே.

— அழாதீங்க. இதுக்கு முந்தி இந்தத் தண்ணி எங்க போய்த் தேங்கும்?

— வரப்புக்கு அந்தாண்ட, கொழுந்தனாரு மணியன் காட்டுல. அவரு குச்சிக்கிழங்கெல்லாம் அழுவிப் போச்சு. போன ஆடியில இருந்து நல்ல பேச்சே இல்ல. அண்ணன் ஆஸ்பத்திரில கெடக்கறாரு, எட்டிப் பாக்கல.

— இந்தப் பவுடர் அங்கயும் போயிருக்குமா?

— இல்ல கண்ணு, அங்க போற கொழாய அடச்சுட்டுத்தான் கழுவுனேன். அதுக்கும் சண்டைக்கு வருவாருன்னு பயந்துக்கிட்டு.

— அப்ப பழைய தண்ணி அங்க அப்படியே நிக்குது. ஒரு பாட்டில் எடுக்க உடுவாராக்கா?

— உடுவாரான்னா கேக்கற? தெனமும் வரப்புல நின்னு அது ஒண்ணத்தான் சாமி கத்தறாரு, உங்க தண்ணிய நீங்களே வந்து அள்ளிக்கிட்டுப் போங்கன்னு.