மேட்டில் இழுக்காத ஸ்கூட்டர்

கலஹா ரோட்டில் ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்கள் எல்லாரும் ஒரே முறைப்பாட்டோடுதான் என் கராஜுக்கு வருவார்கள், சேர். மேட்டில் இழுக்கவில்லை என்பார்கள். வைத்தியம் சுலபம். பெல்ட் மூடியைக் கழற்றினால் உள்ளே கியருக்குப் பதிலாக வேலை செய்கிற வேரியேட்டர் இருக்கும். அதற்குள் ஆறு சின்ன ரோலர். எடை குறைந்த ரோலர் போட்டால் வண்டி மேட்டில் துள்ளி ஏறும். எடை கூடியதைப் போட்டால் சமதரையில் நன்றாக ஓடும், மேட்டில் முக்கும். வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

என் பெண்சாதி இராஜகுமாரிக்குத் தெல்தோட்டைப் பக்கம் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்தபோது ஸ்கூட்டர் வாங்கிக் கொடுத்ததும் நான்தான், லேசான ரோலர் போட்டதும் நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கு அவள் ஸ்கூட்டரிலும் நான் என் பழைய மோட்டார் சைக்கிளிலும் போனோம். கலஹா ஏற்றத்தில் என்னைத் தாண்டிப் போனாள். அவளுக்குப் பின்னால் ஏறியிருந்த, அதே பள்ளிக்கூடத்து றம்லத் டீச்சர் திரும்பிப் பார்த்து, "பாஸ், நீங்க மெதுவா வாங்க. பரிசு குடுக்க முந்தி வந்துடுவீங்க" என்றா. தேத்தண்ணிக் கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரை சேர்விஸ் பண்ணினேன். கனமான ரோலர் போட்டேன்.

"என்னங்க, மேட்டுல இழுக்கவே மாட்டேங்குது" என்றாள்.

"வண்டியில குறை இல்ல. ஏறுறவங்க எடையும் இருக்குல்ல."

"நான் குண்டாயிட்டேன்னு சொல்றீங்களா?"

"நான் சொல்லல. மேடு சொல்லுது."

சிரித்தாள். ஆனால் அன்றிரவு சோற்றைக் குறைத்துக்கொண்டாள். நான் வற்புறுத்தவில்லை.

ஒரு தடவை, "பளீல் கராஜுல காட்டுவோமா?" என்று கேட்டாள். மெக்கானிக் பாஸின் பெண்சாதி வண்டியை இன்னொருத்தன் திறந்தால் பேராதனையில் என் பேர் என்ன ஆகும் என்றேன். என் பேரில் அவளுக்கு மரியாதை உண்டு. அப்புறம் கேட்கவில்லை.

மெலிந்து வந்தபோது ஒரு வாரம் லேசான ரோலரைத் திரும்பப் போட்டுக் கொடுத்தேன். வண்டி பறந்தது. "பாத்தீங்களா, பட்டினி கெடந்ததுக்குப் பலன் இருக்கு" என்று சின்னப்பிள்ளை மாதிரி சந்தோஷப்பட்டாள். அடுத்த வாரம் கனமானதைப் போட்டேன். தப்பு தன்னுடையது என்றே நினைத்துக்கொண்டாள். மத்தியானச் சாப்பாட்டையும் விட்டாள். வளையல் முழங்கை வரைக்கும் ஏறியது.

றம்லத் டீச்சர் கராஜுக்கே வந்தா. "பாஸ், அவ கட்டிக் கொண்டு வாறதையெல்லாம் பிள்ளைகளுக்குக் குடுத்துடுறா. நீங்க கொஞ்சம் சொல்லப்படாதா?"

"நான் சொன்னா எங்க கேக்குறா" என்றேன்.

நேற்றுக் காலை எனக்கும் கலஹாவில் ஒரு வேலை. அவளுக்குப் பின்னால்தான் போனேன். ஏற்றத்து வளைவில் ஸ்கூட்டர் முக்கி நின்றது. காலை ஊன்றினாள். கால் நிற்கவில்லை. மேலிருந்து இறங்கிய பஸ்ஸுக்கு முன்னால் அப்படியே சாய்ந்தாள். சாரதி அந்தோனிமுத்து பிரேக் பிடித்ததை என் கண்ணால் பார்த்தேன். அவனை நீங்கள் உள்ளே வைத்திருப்பது நியாயமில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

முச்சக்கர வண்டியில் ஏற்ற நான்தான் தூக்கினேன். ஒரு கையே போதும் போல இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகுமுன்பே முடிந்துவிட்டது.

லேசான ரோலரைத் திரும்பப் போட்டிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். போட்டிருப்பேன் சேர். ஆனால் முதல் நாள் ராத்திரிகூட, "இன்னும் ரெண்டு கிலோ குறைச்சிடுறேங்க" என்று அவளே சொன்னாள். பெண்சாதி ஆசைப்பட்டு ஒன்றைச் செய்யும்போது குறுக்கே நிற்கிற புருஷன் நான் இல்லை.