ஏழாம் நம்பர் ஓடைக்காட்டு ஆறுமணிக் குருவி

அவைக்குத் தலைமை ஏற்று, அடிக்கொரு தரம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் தோட்டத்துக் கொழுந்து வேலையை மேற்பார்க்கும் எங்கள் கண்டாக்கையா றோலண்ட் அவர்களே! இந்த வாசகசாலையைப் பலகை பலகையாய்ச் சேர்த்துக் கட்டிய பெரியோர்களே! கொழுந்துக் கறை படிந்த கைகளைத் தட்டி என்னை வரவேற்ற தாய்மார்களே! பனியில் நிற்கும் தோழர்களே! பள்ளிக்கூடத்து வாத்தியார் சூசைரட்ணத்தின் பணிவான வணக்கம்.

ஆண்டு விழாவில் ஒரு குருவியைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்கிறீர்களா? தாராளமாய்ச் சிரியுங்கள்!

எங்கிருந்து வருகிறது அந்த ஆறுமணிக் குருவி? இமயமலை அடிவாரத்துக் காடுகளிலிருந்து! ஆறு கடந்து, அடவி கடந்து, அலைகடலும் கடந்து, ஐப்பசி மழையோடு இலங்கை மலைநாட்டில் நம் அக்கரப்பத்தனைக்கு வருகிறது. போன ஐப்பசியில் வேலாயி அக்காள் வீட்டு அடுப்படியில் வந்து விழுந்ததே, மறந்துவிட்டீர்களா? பச்சை முதுகு, நீலச் சிறகு, சுண்டு வால். கொழுந்துக் கூடையைக் கவிழ்த்து அதைக் காப்பாற்றி, விடிந்ததும் ஏழாம் நம்பர் தேயிலை மலையின் ஓடைக்காட்டில் விட்ட அந்த அக்காள் இதோ முன்வரிசையில் இருக்கிறார். அந்தக் காட்டில்தான் சருகைக் கிளறிப் புழு பொறுக்கி அது ஆறு மாதம் வாழ்கிறது. காலையில் ஒரு தரம், மாலை மங்கும்போது ஒரு தரம் கூப்பிடுகிறது. கடிகாரம் இல்லாத நம் பெண்களுக்கு, பறித்த கொழுந்தை நிறுக்கும் அந்தி நிறுவைக்கு நேரம் சொல்வது அந்தக் குரல்தான்.

மாசியில் என்ன நடந்தது? மூன்று மணிக்கே மூடுபனி மலையை மூடியது. அந்தி என்று நினைத்துக் குருவி கூப்பிட்டது. கூடையோடு நிறுவைக்கு வந்தார்கள் பெண்கள். அன்றைய கொழுந்து குறைந்துவிட்டதென்று கண்டாக்கையாவுக்குக் கோபம் வந்தது. மறுநாள் காலை வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் என்ன சொன்னார்? "அந்தக் காட்டையே வெட்டித் தேயிலை நடச் சொல்லித் துரைக்கு எழுதுறேன்!"

கூட்டத்தில் யாரோ எழுந்திருக்கிறார்கள்; என்ன மீனம்மா? உரக்கச் சொல்லுங்கள்!

"வாத்தியாரய்யா, அன்னைக்குத் தராசத் தூக்கச் சொன்னதே கண்டாக்கையாதாங்க!"

கேட்டீர்களா? கைக்கடிகாரம் கட்டிய கைக்குச் சொந்தக்காரரும் அன்று கடிகாரத்தைப் பார்க்கவில்லை! குருவியைத்தான் நம்பினார்! தலைவர் அவர்களே, தலையைக் குனியாதீர்கள். நானும் அன்று பள்ளிக்கூடத்து வாசலில் விளக்கேற்றிவிட்டேன். தோட்டமே சேர்ந்து செய்த தவறுக்குக் காட்டைத் தண்டிக்கலாமா?

பிரஜாவுரிமை மனுவுக்காக என் வாசலில் எத்தனை பேர் நின்றீர்கள்! தகப்பன் பிறந்த இடம் எது, தாத்தா இந்தியாவிலிருந்து வந்த வருடம் எது என்று அதிகாரிகள் கேட்டார்கள். பதில் தெரியாத கேள்விகளுக்குக் கோடு போட்டுத்தான் மனுவை எழுதித் தந்தேன். இந்தக் குருவிக்கு அங்கும் ஒரு காடு, இங்கும் ஒரு காடு. ஊர் இரண்டு என்பதால் ஊரே இல்லை என்று ஆகிவிடுமா? ஆகாது! ஒருநாளும் ஆகாது!

சித்திரையில் அது புறப்படும். ஐப்பசியில் கடல் தாண்டிக் களைத்து வரும். வந்து இறங்க ஓடைக்காடு இருக்க வேண்டாமா? இனிமேல் ஆலைச் சங்கு ஊதினால்தான் கூடையை இறக்குவோம் என்று பெண்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். உண்மைதானே, தாய்மார்களே? "ஆமாங்க" என்கிறார்கள், ஐயா! துரைக்கு எழுதி வைத்து இன்னும் அனுப்பாத அந்தக் கடிதத்தை அனுப்பாமலே விட்டுவிடுங்கள். இந்தத் தோட்டம் உங்களிடம் கேட்பது அவ்வளவுதான்.

சற்றுப் பொறுங்கள்... கேட்கிறதா? ஓடைப் பக்கம்... அதோ, மறுபடியும்!

தோழர்களே, மேடையைப் பாருங்கள். கண்டாக்கையா இந்தத் தரம் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. ஓடைப் பக்கம் பார்க்கிறார். சட்டைப் பையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து வேலாயி அக்காளிடம் நீட்டுகிறார்!

அக்கா, அடுப்புக்கு ஆகும், வைத்துக்கொள்ளுங்கள். பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், என்னைவிட நன்றாகப் பேசிய குருவிக்கும் நன்றி. வணக்கம்!