வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

தகரக் கூரைக்கு ஆணியைவிடத் திருகாணி நல்லது, சார். காற்றடித்தால் ஆணி மெல்ல மேலே வந்துவிடும். திருகாணி பிடித்த பிடியை விடாது. இது எனக்கு அறுபத்தெட்டு வயதில்தான் தெரிந்தது. அதுவரை நான் அடித்த ஆணி எதுவும் சுவரில் ஒரு வாரம் நின்றதில்லை. கல்யாணமான புதிதில் நான் மாட்டிய காலண்டர் என் மாமனார் தலையில் விழுந்தது. அதை என் மனைவி நாற்பது வருடம் சொல்லிச் சிரித்தாள்.

அவளுக்கு மறதி வந்து மூன்று வருடமாகிறது. முதலில் அடுப்பை மறந்தாள், அப்புறம் தெருவை, கடைசியில் என்னை. கடைசி இடம் கொடுத்ததே ஒரு மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். மூன்று முறை வீட்டைவிட்டுப் போய்விட்டாள். மூன்றாவது முறை லாரிகள் போகிற பெரிய ரோட்டின் நடுவில் நின்றுகொண்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "எங்க வீட்டுக்காரரைப் பாத்தீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். என்னிடமும் கேட்டாள்.

முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடலாம் என்று மகள் போனில் சொன்னாள். அங்கே முன்பின் தெரியாதவர்கள்தானே பார்த்துக்கொள்வார்கள் என்றேன். இங்கே மட்டும் என்னவாம் என்று அவள் திருப்பிக் கேட்கவில்லை. நல்ல பெண்.

அன்றைக்கே கட்டம்போட்ட தாளில் பத்தடிக்கு எட்டடி என்று தோட்டத்தில் கட்ட ஒரு கொட்டகையை வரைந்தேன். தோட்டச் சாமான் வைக்க என்று மகளிடம் சொன்னேன். எங்களிடம் இருந்த தோட்டச் சாமான் ஒரு பூவாளி.

சுவரும் தரையும் கொத்தனார் வேலை. கனமாகப் போடச் சொன்னேன். "பீரங்கியா சார் நிறுத்தப் போறீங்க? ஒரு ஜன்னலாவது வச்சுக்கோங்க" என்றார். வேண்டாமென்றேன். ஜன்னல் இருந்தால் அவள் தெருவில் போகிறவர்களைக் கூப்பிடுவாள். தாழ்ப்பாளை நான் கதவின் வெளிப்பக்கம் மட்டும் வைத்தபோது ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தார். பிறகு, வேலை தெரியாத ஆள் என்று முடிவுகட்டிக்கொண்டார். எனக்குப் பழகிய பெயர்தான், விட்டுவிட்டேன்.

தகரக் கூரையும் கதவும் என் கைவேலை. அவள் முப்பது வருடம் தையல்காரி. வாசலை அவளுடைய டேப்பால் அளந்து, அந்த அளவுக்கு மரக்கடையில் கதவுப் பலகை அறுத்து வாங்கினேன். பொருத்திப் பார்த்தால் சுற்றிலும் விரல் நுழைகிற சந்து. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் டேப்பை வாங்கி விரலில் ஓட்டிப் பார்த்தாள்.

"இது இழுபட்டுப் போச்சுண்ணா. துணியோட சேத்து இழுத்து இழுத்து நீண்டுடுச்சு. இதை நம்பி வெட்டலாமா?"

அண்ணா என்றது என்னை. டேப்பை அடையாளம் தெரிந்திருக்கிறது. ஒரு டேப்பைப் பார்த்துப் பொறாமைப்பட்டவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். "எங்க வீட்டுக்காரரும் உங்களை மாதிரிதான்" என்று ஆரம்பித்து, காலண்டர் கதையை எனக்கே சொன்னாள். புதிதாகக் கேட்பதுபோலச் சிரித்தேன். பிறகு உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, சந்து முழுவதும் ரப்பர் பட்டை ஒட்டினேன்.

முதல் நாள், நான் குளித்து வருகிற பத்து நிமிடம் அவளை உள்ளே வைத்தேன். அப்புறம் கடைக்குப் போய்வர ஒரு மணி நேரம். நாற்காலி, மெத்தை, தண்ணீர் எல்லாம் போட்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் மருந்துக்கடைக்குப் போயிருந்தேன் என்று முன்பு உங்கள் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்ததைத் திருத்த வேண்டும். நான் எங்கும் போகவில்லை. கதவுக்கு வெளியே, மர நிழலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். தகரம் வெயிலில் காய்ந்து சடசடத்தது.

"அண்ணா, கொஞ்சம் திறங்கண்ணா. வேகுது."

எழுந்து தாழ்ப்பாளில் கை வைத்தேன். அப்போது கூப்பிட்டாள்.

"ஏங்க."

இரண்டு வருடமாகக் காதில் விழாத சொல், சார்.

"என்னம்மா?" என்றேன்.

"இருக்கீங்களா? உங்களை எங்கெல்லாம் தேடுறது?"

"இங்கதான் இருக்கேன்."

கதவு நடுவில் இருந்ததால் அவளுக்கு என் முகம் தெரியவில்லை, குரல்தான் கேட்டது. குரலாக இருக்கும்வரை நான் அவள் புருஷன். திறந்தால் மறுபடியும் அண்ணா. என் இடத்தில் உட்கார்ந்து கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

வெகுநேரம் பேசினோம். மகள் சாப்பிட்டாளா என்று கேட்டாள், சாப்பிட்டாள் என்றேன். தண்ணீர் தீர்ந்துவிட்டது என்றாள், இதோ வருகிறேன் என்றேன். கதவைத் திறங்களேன் என்றாள். அதற்கும் இதோ என்றேன். ரப்பர் பட்டை நன்றாகவே ஒட்டியிருந்தது. போகப்போகக் கதவில் காதை வைத்துத்தான் கேட்க வேண்டியிருந்தது. மூன்று மணிக்குமேல் அவள் கூப்பிடவில்லை. இன்னொரு முறை கூப்பிடுவாள் என்று காத்திருந்தேன். ஐந்து மணிக்குத்தான் தாழ்ப்பாளைத் திறந்தேன்.

நான்தான் செய்தேன், சார். கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் விட்டுவிடாமல் எழுதிக்கொள்ளுங்கள். அவள் கூப்பிட்ட ஒவ்வொரு முறையும் நான் பதில் சொன்னேன்.