நாற்பத்து மூன்றாவது புகார்

தேவிஸ்ரீ: ...அப்ப நூத்துல ரெண்டு பேருன்னா, அவங்களை மனுஷங்க கணக்குல சேர்க்க மாட்டியா?

கவிநேசன்: மனுஷங்கதான் தேவி. வேற மாதிரி கம்ப்யூட்டர் வச்சிருக்கிற மனுஷங்க. ரோட்டைப் பாரு, முன்னாடி லாரி.

தேவிஸ்ரீ: லாரி எனக்குத் தெரியுது. பேச்சை மாத்தாத. கேம் விக்கிற சைட்ல இன்னிக்கு ஆறு மணிக்கு அந்த ஃபாரத்தை மூடிடுவாங்க. மூணு கட்டம் இருக்கு. விண்டோஸ், மேக், லினக்ஸ். நீ விண்டோஸ்ல மட்டும் டிக் போட்டுட்டு, மடியில லேப்டாப்பை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்க.

கவிநேசன்: நாம இருக்கிறதே ரெண்டு பேரு. நீ படம் வரையற, நான் கோட் எழுதுறேன். கிளேபாங் கடற்கரையில தேங்கா ஷேக் விக்கிற ஒரு ரோட்டோர ஒட்டுக்கடையை மூணு வருஷமா கேமுக்குள்ள கட்டிக்கிட்டு இருக்கோம். வெள்ளிக்கிழமை வெளிய வருது. ஒரு கம்ப்யூட்டர்ல ஒழுங்கா ஓடுனா போதாதா?

தேவிஸ்ரீ: போதாது.

கவிநேசன்: ஏன்?

தேவிஸ்ரீ: கேட்டவங்க இருக்காங்க.

கவிநேசன்: யாரு? மேக்குக்கு மாடி வீட்டு தாட்சாயினி அக்கா ஒருத்தங்க. வக்கீல் ஆபீஸ்ல வேலை, நல்ல மேக்கு. நானும் ஆசையா கேமைக் கொடுத்தேன். என்ன ஆச்சு?

தேவிஸ்ரீ: சிரிப்பு மூட்டாத, வண்டி ஓட்டுறேன்.

கவிநேசன்: யாரோ முன்ன பின்ன தெரியாத ஆளு பண்ணுன சாமான், குப்பைத் தொட்டியில போட்டுடவான்னு மேக்கு கேட்டிருக்கு. அக்காவும் மரியாதையா சரின்னு அமுக்கிட்டாங்க. மூணு வருஷத்து வேலை, மூணு விநாடியில குப்பைக்குப் போச்சு.

தேவிஸ்ரீ: மறுநாள் படியில பார்த்து, தம்பி, ரொம்ப நல்லா இருந்துச்சு, ஆனா சீக்கிரம் முடிஞ்சிடுச்சுன்னு சொன்னாங்க பாரு...

கவிநேசன்: அதான் சொல்றேன். மேக்குக்குன்னா தனியா பதியணும், தனியா முத்திரை வாங்கணும். நம்ம கையில மேக்கே இல்லை. தீபாவளிக்கு அப்புறம் பார்க்கலாம்.

தேவிஸ்ரீ: சரி. மேக்கு தீபாவளிக்கு அப்புறம். நான் ஒத்துக்கிட்டேன். லினக்ஸ்?

கவிநேசன்: கால்ல என்னமோ இடிக்குது. என்ன இது?

தேவிஸ்ரீ: முறுக்கு. தொடாத. லினக்ஸ்?

கவிநேசன்: லினக்ஸ் என்ன ஒண்ணா? ஆளுக்கு ஒரு லினக்ஸ். ஒருத்தன்கிட்ட ஓடுறது பக்கத்து வீட்டுக்காரன்கிட்ட ஓடாது. அதோட, விண்டோஸ் கேமையே லினக்ஸ்ல ஓட்டுறதுக்கு அவங்களே ஒரு வழி கண்டுபிடிச்சு வச்சிருக்காங்க. ஓட்டிக்கட்டும்லா. நாம எதுக்கு நடுவுல?

தேவிஸ்ரீ: அப்படி ஓட்டுனா தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமா வருது. கடைப் பலகையில கட்டம், விலைப் பட்டியல்ல கட்டம். கஸ்டமர் வாயைத் திறந்தா கட்டம். அந்த லினக்ஸ்காரர் ஓராங் பியாசா எழுதியிருந்தாரே, நீ படிக்கலை?

கவிநேசன்: உன் ஓராங் பியாசாவா...

தேவிஸ்ரீ: மலாய்ல சாதாரண ஆளுன்னு பேரு வச்சிருக்காரு, ஆனா பண்ற வேலை சாதாரணமா இல்லை. ஜனவரியில டெமோ விட்டோம். அதுலேருந்து நாப்பத்திரெண்டு புகார். மத்தவங்க என்ன எழுதுறாங்க? கேம் தொங்குது, சரி பண்ணுன்னு ஒரு வரி. இவரு, எந்தக் கடை, எத்தனாவது கஸ்டமர், எந்தப் பட்டனை அமுக்குனேன், என்ன வரணும், என்ன வந்துச்சுன்னு வரிசையா எழுதுறாரு.

கவிநேசன்: வேற வேலை இல்லாத ஆளு.

தேவிஸ்ரீ: அப்படிச் சொல்லாத. அந்த நாப்பத்திரெண்டுல முப்பத்தெட்டு விண்டோஸ்லயும் இருந்த கோளாறு. மழை பெய்யுறப்ப கூடாரத்தை மடக்குனா கேமே நின்னு போச்சே, அதை யாரு சொன்னா? லினக்ஸ்காரர் ஒருத்தர் பார்த்துச் சொல்லப் போய்த்தான் உன் விண்டோஸ் இன்னிக்கு ஒழுங்கா ஓடுது.

கவிநேசன்: நாப்பத்திரெண்டா?

தேவிஸ்ரீ: நாப்பத்திரெண்டு. ஏன்?

கவிநேசன்: ஒண்ணுமில்லை... சும்மா கேட்டேன்.

தேவிஸ்ரீ: அப்ப டிக் போடு.

கவிநேசன்: டிக் போட்டா ஓடிடுமா? யாரு டெஸ்ட் பண்றது? ஆயிரத்து நூறு பேரு காத்திருக்காங்கன்னு சைட்ல காட்டுது. அதுல லினக்ஸ் இருபத்தாறு. அந்த இருபத்தாறு பேருக்கும் வெள்ளிக்கிழமை கேம் திறக்கலைன்னு வையி, முதல் நாளே திட்டு விழும். அதைப் படிச்சிட்டு மத்த ஆயிரம் பேரும் ஒதுங்கிடுவாங்க. நம்மகிட்ட லினக்ஸ் மெஷின் கிடையாது. தெரிஞ்ச ஆளும் கிடையாது.

தேவிஸ்ரீ: கிடையாதா?

கவிநேசன்: ...கிடையாது.

தேவிஸ்ரீ: ஒரு ஆளு இருந்தான்.

கவிநேசன்: தேவி, வேணாம்.

தேவிஸ்ரீ: ரெண்டு வருஷமா வேணாம் வேணாம்னு பேசாமலே இருந்தாச்சு. ஹரிதாஸ் இல்லாம இந்தக் கேமே இல்லை. கிளேபாங்ல கடை வைப்போம்னு சொன்னதே அவன்தான். மூணு பேராத்தானே ஆரம்பிச்சோம்.

கவிநேசன்: போனது அவன்தானே.

தேவிஸ்ரீ: ஏன் போனான்? மறந்திருந்தா நான் சொல்றேன் கேளு. டுரியான் துங்கால் கேம்பஸ்ல கண்காட்சி. ஃபேக்டரியில ஷிஃப்ட் முடிச்சிட்டுத் தூங்காம நேரா வர்றான். ஃபேக்டரி கழிச்சுப் போட்ட லேப்டாப்பை வாங்கி, லினக்ஸ் போட்டு, துடைச்சுக் கொண்டாந்து மேசையில வைக்கிறான். கேம் திறக்கலை. சுத்தி இருபது பேரு நிக்கிறாங்க. நீ என்ன சொன்ன?

கவிநேசன்: அன்னிக்கு டென்ஷன்...

தேவிஸ்ரீ: இந்தப் பழைய இரும்புக்கா நாங்க கேம் பண்றோம், எடுத்துட்டுப் போன்னு சொன்ன. நாங்கன்னு சொன்ன, கவி. அவன் லேப்டாப் மூடியைச் சாத்துனான், போயிட்டான். அவன் அம்மா காளியம்மா ஆன்ட்டி நம்ம மூணு பேருக்கும் பிரட்டிக் கொடுத்து விட்ட மீகூன் டப்பாவோட மேசையிலேயே இருந்துச்சு. அதை யாரு தின்னா?

கவிநேசன்: ...நாமதான்.

தேவிஸ்ரீ: அவனை அனுப்பிட்டு அவன் வீட்டு மீகூனைத் தின்னோம். எனக்கு இன்னும் தொண்டையிலயே நிக்குது.

கவிநேசன்: எனக்கு மட்டும் இறங்கிடுச்சா? அடுத்த வாரம் கேமுலேருந்து டத்தோவையும் எடுத்துட்டேன்.

தேவிஸ்ரீ: அதை நீயா சொல்ற பாரு. பாவம், அந்த ஆடு என்ன பண்ணுச்சு? தோட்டத்துல அவங்க வீட்டுல வளர்த்த கடா. லாரி வந்தாலும் பட்டம் வாங்குன பெரிய மனுஷன் மாதிரி ரோட்டை விட்டு நகராதாம், அதான் டத்தோன்னு பேரு. அதை அப்படியே கேமுக்குள்ள கொண்டாந்து விட்டான். கடை மூடுற நேரம் வரும். மிச்சம் இருக்கிற தேங்காயைத் தின்னுட்டு, நின்னு ஒரு பார்வை பார்த்துட்டுப் போகும். வெளியாளு ஒருத்தர் கண்ணுலகூடப் படலை. அதுக்குள்ள எடுத்துட்ட.

கவிநேசன்: அதைப் பார்க்கிறப்பலாம் அவன் ஞாபகம் வந்துச்சு. முடியலை தேவி.

தேவிஸ்ரீ: ம்.

கவிநேசன்: ...போஸ்டர் எடுக்கத்தானே புறப்பட்டோம். பிரிண்டிங் கடை பின்னாடி போயிடுச்சு.

தேவிஸ்ரீ: தெரியும்.

கவிநேசன்: எங்க போறோம்?

தேவிஸ்ரீ: சொன்னா கதவைத் திறந்து குதிச்சிடுவ. முதல்ல வேற ஒண்ணு சொல்றேன். நான் ஒரு மெயிலை உன்கிட்ட காட்டலை. போன மாசம் வந்துச்சு. படிச்சிட்டு ஒளிச்சு வச்சேன்.

கவிநேசன்: நாப்பத்தி மூணாவது புகார்.

தேவிஸ்ரீ: ...உனக்கு எப்படி?

கவிநேசன்: "கடை மூடும் நேரம். டத்தோ வர வேண்டும். வரவில்லை." உனக்கு முன்னாடி நான் படிச்சிட்டேன். படிச்சிட்டு, படிக்காத மாதிரி அப்படியே விட்டேன். மறுநாள் பார்த்தா காணோம். நீதான் எடுத்திருப்பன்னு தெரியும்.

தேவிஸ்ரீ: அப்ப ஒரு மாசமா ஒரே அறையில எதிரும் புதிருமா உட்கார்ந்துக்கிட்டு...

கவிநேசன்: நடிச்சிருக்கோம்.

தேவிஸ்ரீ: நாப்பத்திரெண்டு வரைக்கும் ஓராங் பியாசாவா மூச்சுக் காட்டாம இருந்த ஹரி, நமக்கு மட்டும் தெரிஞ்ச ஒரு ஆட்டுல மாட்டிக்கிட்டான்.

கவிநேசன்: அவன் அப்படித்தான். ஃபேக்டரியில சாமானைச் சோதிச்சு அனுப்புற வேலை. கையில லிஸ்ட் இருந்தா ஒரு வரி விடமாட்டான். ஆரம்பத்துல நமக்குன்னு ஒரு லிஸ்ட் எழுதி வச்சிருந்தான்ல, அதை எடுத்து வச்சுத்தான் வரி வரியா சோதிச்சிருக்கான். அதுல ஆடும் ஒரு வரி. தாண்டிப் போக அவனுக்கு மனசு வராது.

தேவிஸ்ரீ: இவ்வளவு தெரிஞ்சு வச்சுக்கிட்டு, எதுக்குடா காலையிலேருந்து லினக்ஸ் வேணாம்னு என் உயிரை எடுத்த?

கவிநேசன்: வேணும்னு சொன்னா அவனைக் கூப்பிடணும். எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கூப்பிடுறது? கூப்பிட்டு, அவன் வரமாட்டேன்னு சொல்லிட்டா? வேணாம்னு சொல்லிட்டா, நாமதான் லினக்ஸே பண்ணலையேன்னு மனசைத் தேத்திக்கலாம். பயந்தேன், அவ்வளவுதான். நீ எதுக்கு மெயிலை ஒளிச்ச?

தேவிஸ்ரீ: அவன்னு தெரிஞ்சா உனக்கு வீம்பு வந்திடும், ஜென்மத்துக்கும் அந்தக் கட்டத்துல டிக் போட மாட்டன்னு நினைச்சேன். பாசார்ல காய்கறி வாங்குறப்ப காளியம்மா ஆன்ட்டியைப் பார்த்தேன். வீடு மாறிட்டோம், வாங்கன்னு சொன்னாங்க. இன்னிக்குச் சனிக்கிழமை, அவனுக்கு லீவாம். இந்தப் பக்கம்தான், எந்தச் சந்துன்னுதான்...

கவிநேசன்: அடுத்த சந்து. இடது பக்கம் திரும்பு. மூணாவது வீடு, பச்சை கேட்டு.

தேவிஸ்ரீ: இரு. அவங்க இந்தத் தாமான் வீட்டுக்குக் குடி வந்தே ஆறு மாசம்தான் ஆகுது.

கவிநேசன்: ரெண்டு தடவை வந்தேன். கேட்டு வரைக்கும்.

தேவிஸ்ரீ: என்னத்துக்கு?

கவிநேசன்: இந்தத் தம்ப் டிரைவைக் கொடுக்க. லினக்ஸுக்குன்னே தனியா கட்டுனது. தமிழ் எழுத்தெல்லாம் ஒழுங்கா வரணும். கடை மூடுற நேரம் டத்தோவும் வரணும். உனக்குத் தெரியாம வீட்டுல உட்கார்ந்து பண்ணேன். ஓடுதான்னு எனக்கே தெரியாது. ஓட்டிப் பார்க்க ஆளு வேணும்.

தேவிஸ்ரீ: அடப்பாவி... சரி, கால் கிட்ட இருக்கிற முறுக்கை எடுத்துக்கோ. மஞ்சள் மூடி போட்ட டப்பா, ஞாபகம் வருதா?

கவிநேசன்: மீகூன் டப்பா.

தேவிஸ்ரீ: வெறும் டப்பாவா திருப்பிக் கொடுக்கக் கூடாதுன்னு எங்க அம்மா முறுக்கு சுட்டுப் போட்டாங்க. ஹார்ன் அடிக்கவா?

கவிநேசன்: வேணாம். வெளியிலதான் நிக்கிறான்.

ஹரிதாஸ்: யாரு வண்டி வாசல்ல வந்து நிக்குதுன்னு பார்த்தேன். வா தேவி.

கவிநேசன்: ஹரி.

ஹரிதாஸ்: ம்.

கவிநேசன்: அன்னிக்கு அத்தனை பேரு முன்னாடி உன் லேப்டாப்பைப் பழைய இரும்புன்னு சொன்னது தப்பு. உன்னையே சொன்ன மாதிரிதான் அது. மன்னிச்சிடு. இதைச் சொல்ல எனக்கு ரெண்டு வருஷம் ஆயிடுச்சு.

ஹரிதாஸ்: ...டப்பாவைக் கொடு. அம்மா மாசத்துக்கு ஒரு தடவை கேட்பாங்க. அந்தப் பிள்ளைங்க சாப்பிட்டுச்சுங்களா, என் டப்பா எங்கடான்னு.

தேவிஸ்ரீ: உள்ள முறுக்கு இருக்கு.

கவிநேசன்: இதையும் பிடி. லினக்ஸ். உன் லேப்டாப்புல போட்டு ஓட்டிப் பாரு. மணி மூணரைதான் ஆகுது. ஓராங் பியாசா சரின்னு சொன்னா ஆறு மணிக்குள்ள டிக் போட்டுடுவேன். சொல்லலைன்னா இல்லை.

ஹரிதாஸ்: நான்தான்னு எத்தனாவதுல கண்டுபிடிச்சீங்க?

தேவிஸ்ரீ: நாப்பத்தி மூணு.

ஹரிதாஸ்: அனுப்புன அப்புறம்தான் எனக்கே உறைச்சுது. ஆனா ஒண்ணு... நீ சொல்ற லேப்டாப் இப்ப இல்லைடா. போன தீபாவளிக்கே அது செத்துப் போச்சு.

கவிநேசன்: அப்ப இந்த நாப்பத்தி மூணும்?

ஹரிதாஸ்: புது லேப்டாப்புல பார்த்தது. விண்டோஸ் போட்டு வந்தது.

தேவிஸ்ரீ: விண்டோஸா? ஹரி, கையில விண்டோஸை வச்சுக்கிட்டா ஜனவரியிலேருந்து எங்களை லினக்ஸ் லினக்ஸ்னு படுத்துன?

ஹரிதாஸ்: பொய் எதுவும் எழுதலை. அதுலயே ஒரு ஓரமா லினக்ஸும் போட்டு வச்சிருக்கேன். உங்க கேமுக்கு மட்டும்தான். வேற எதுக்கும் அதைத் திறக்கிறதே இல்லை.

கவிநேசன்: அப்படி எதுக்குடா?

ஹரிதாஸ்: விண்டோஸ்ல நான் இல்லாமலே முடிச்சிடுவீங்க. லினக்ஸ்லதானே உங்களுக்கு ஒரு ஆளு குறையும்.