சீற்றுக்கு அடியில் அடையாள அட்டை

வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் போகும் பஸ். பத்திரிகை வாசிப்பதுபோல் முன் ஆசனத்துப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அதில் எனக்குப் பல வருட அனுபவம்.

“ரெண்டு கராஜ் கைவிட்ட போல்ட்டை ஓர் ஆமிக்காரன் கழட்டிப்போட்டான், மச்சான்,” என்றார் பருத்தவர்.

“உன்ர ஜீப்பிலயோ?” என்றார் நண்பர்.

“ஓம். இதே ரோட்டு செக்பொயிண்டில அடையாள அட்டை கேட்டான். சீற்றுக்குக் கீழ விழுந்திட்டுது, சீற்றைப் பிடிச்ச போல்ட் துருவேறி இறுகிப்போச்சு எண்டன்.”

“நல்ல கதை. நானே நம்பமாட்டன்.”

“அவனும் நம்பேல்லை. ஸ்பானரை வாங்கி முதல்ல இன்னும் கொஞ்சம் இறுக்கினான். எனக்கு உயிர் போச்சு. பிறகு போல்ட்டின்ர தலையில ரெண்டு தட்டு தட்டித் திருப்பினான், வந்திட்டுது. தகப்பனுக்குக் குருநாகலில கராஜாம்.”

“அட்டை?”

“கிடைச்சுது. குனிஞ்சு எடுக்கேக்க என்ர கண்ணாடி உள்ள விழுந்திட்டுது. நான் வாய் திறக்க முதல் அவன் திரும்ப இறுக்கிப்போட்டான்.”

“அதுதானோ இண்டைக்கு பஸ்?”

பஸ் நின்றது. சோதனைக்கு எல்லோரையும் இறங்கச் சொன்னார்கள். பருத்தவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெளியே பார்த்தார்.

“ஒல்லியா, நெட்டையா அந்தக் குருநாகல் பொடியன் நிக்கிறானோ பார், மச்சான்.”

“இல்லை.”

ஓர் ஆமிக்காரனைக் காணோமென்று ஏமாந்து பெருமூச்சு விட்ட தமிழரை நான் அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன்.