முப்பத்தொன்பது நிமிடம்

பந்தை நான் ஒருமுறைகூட ஒழுங்காக உதைத்ததில்லை, ஐயா. சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையின் டைம் ஆபீஸில் முப்பத்தொரு வருடம் கிளார்க்காக இருந்தேன். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எப்போது வெளியே போனார் என்று எழுதுவதுதான் வேலை. ஆலையை மூடிய பிறகு நம் ஊர்க் கால்பந்து கிளப்பில் சம்பளமில்லாத மேனேஜராகச் சேர்ந்தேன். பஸ் ஏற்பாடு செய்வேன், ஜெர்சிகளைச் சலவைக்குப் போடுவேன். வெளியூர்ப் பையன்களுக்குக் காய்ச்சல் வந்தால் என் வீட்டிலிருந்து கஞ்சி போகும். வெங்கடபதி சாருக்கு இளகின மனசு என்பார்கள். அது பொய்யில்லை.

சீசன் முடியும் மாதத்தில் ரசாக்கின் பேக்கரியில் கூட்டம் சேரும். உள்சுவரில் ஒரு கரும்பலகை உண்டு. சிறந்த வீரர், சிறந்த கோல்கீப்பர் என்று லீக் தரப்போகும் விருதுகள் யார் யாருக்கு என்று அதில் நான் முன்கூட்டியே எழுதுவேன். சிறந்த வீரர் மட்டும் ஆறு வருடமாகத் தவறியதில்லை. மனைவி போன பிறகு என்னிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. அந்த ஒரு மாதம் கேட்பார்கள். பால்காரர்கூட வண்டியை நிறுத்தி, "இந்த வருசம் யாருக்குங்க சார்?" என்பார்.

இந்த வருடம் கிருபாசங்கர் என்று எழுதினேன். எங்கள் கிளப்பின் நடுக்கள ஆட்டக்காரன், இருபத்து நான்கு வயது. காங்கேயத்துப் பையன். அம்மா காளியாத்தாள் அங்கே எண்ணெய் ஆலையில் கொப்பரை காயப்போடுகிறவர். அவன் அடித்தது நான்கு கோல்தான். ஆனால் மற்றவர்கள் அடித்ததில் பாதி அவன் காலில் தொடங்கியது. எதிரணிக்காரன் விழுந்தாலும் முதலில் கை நீட்டுகிறவன் அவன்தான்.

"பதினாலு கோல் அடிச்சவனை உட்டுப்போட்டு நாலு கோல்காரனுக்கா?" என்றார் ஆட்டோ ஓட்டும் சரவணன்.

"பதினாலுல ஒம்பது பெனால்டிங்க," என்றார் ரசாக். "எங்கூட்டு ஆட்டை நிறுத்துனாலும் உள்ள தள்ளிப்போடும்."

சிரிப்பு அடங்கியதும் நான் விதியைச் சொன்னேன். விருதுக்குத் தகுதி பெற லீக்கில் ஆயிரத்து முந்நூற்று ஐம்பது நிமிடம் ஆடியிருக்க வேண்டும். மாநில அணிக்குப் போனதில் கிருபாவுக்கு மூன்று ஆட்டம் போய்விட்டது. கையில் இருப்பது ஆயிரத்து முந்நூற்றுப் பதினொன்று. கடைசி ஆட்டத்தில் முப்பத்தொன்பது நிமிடம் ஆடியே ஆக வேண்டும்.

"மாநிலத்துக்கு ஆடுனதும் ஆட்டம்தானுங்களே சார்?" என்றார் ரசாக். "அதைக் கணக்குல எடுக்காட்டி அப்புறம் என்ன விருது? மனுசனைப் பாக்கோணுமுங்க, கடியாரத்தையா பாக்கறது?"

கடிகாரம் யாருக்கும் பாரபட்சம் பார்ப்பதில்லை என்றேன். என் அனுபவத்தில் அது உண்மை.

கடைசி ஆட்டத்துக்கு ஆறு நாள் முன்பு பயிற்சி முடிந்து கிருபா என்னிடம் தனியாக வந்தான். மூன்று நாளாக ஓடும்போது கண்ணை இருட்டிக்கொண்டு வருகிறது, கோச்சிடம் சொன்னால் உட்காரவைத்துவிடுவார், என்ன செய்வது என்று கேட்டான். என் ஸ்கூட்டரில் ஏற்றி ஸ்கேன் சென்டருக்கு நான்தான் கூட்டிப்போனேன். மறுநாள் அவனுக்குப் பயிற்சி இருந்ததால் ரிப்போர்ட்டை வாங்கப் போனதும் நான்தான்.

இதயத் தசை தடித்திருக்கிறது என்று அதில் இருந்தது. கடினமான உடலுழைப்பு கூடவே கூடாது, உடனே இதய மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று அடிக்கோடிட்டிருந்தார்கள். அங்கிருந்த பெண் வாயாலும் சொன்னாள். அதனால் எனக்குப் புரியவில்லை என்று சொல்ல முடியாது.

வீட்டுக்கு வந்து அந்த உறையைப் பூஜை அலமாரியில் மருதமலை முருகன் படத்துக்கு அடியில் வைத்தேன். திங்கட்கிழமை காலை கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். நாலு மாதம் ஓடியவனுக்கு இன்னும் முப்பத்தொன்பது நிமிடம் என்ன ஆகிவிடும்? அந்த ஐந்து நாளும் நான் இரவில் சாப்பிடவில்லை. அவனுக்காக விரதம் இருந்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

"ரிப்போர்ட் வந்துருச்சுங்களா சார்?" என்று கேட்டான்.

"வந்துருச்சு கண்ணு. ரத்தம் கொஞ்சம் கம்மியாம். வேறொண்ணுமில்லை."

அரைக் கிலோ பேரீச்சம்பழம் வாங்கிக் கொடுத்தேன். நல்ல பழம்.

ஞாயிறு மாலை நாலு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. இருபத்தொன்பதாவது நிமிடம், ஒருவனுக்கு அடிபட்டு ஆட்டம் நின்றபோது, கிருபா தண்ணீர் குடிக்க எல்லைக் கோட்டுக்கு அருகே வந்தான். உதடு வெளுத்திருந்தது.

"கண்ணைக் கட்டுதுங்க சார். கோச்சுகிட்டச் சொல்லி மாத்திப்போடச் சொல்லுங்க."

கோச் பத்தடி தள்ளித்தான் நின்றார்.

"பத்து நிமிசம் கண்ணு," என்றேன். பாட்டிலை மூடி என் கையில் கொடுத்துவிட்டு ஓடினான். மற்றவர்கள் புல்லில் எறிந்துவிட்டுப் போவார்கள். அவன் எப்போதும் மூடித்தான் கொடுப்பான்.

முப்பத்தொன்பதாவது நிமிடம் முடிந்தது. அப்போதாவது கோச்சிடம் போயிருக்கலாம். நான் நோட்டை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். சரியாக இருந்தது. பழக்கதோஷம், இன்னொரு முறையும் கூட்டினேன். நாற்பத்து மூன்றாவது நிமிடம் யாரும் தொடாமலே கிருபா முகங்குப்புற விழுந்தான். ஆம்புலன்ஸில் அவன் தலையை என் மடியில்தான் வைத்திருந்தேன். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகும் முன்பே போய்விட்டான்.

இருபது நாள் கழித்து விருது விழா. சிறந்த வீரர் கிருபாசங்கர். காளியாத்தாள் மேடைக்குப் போய் வாங்கினார். தேர்வுக் குழுத் தலைவர் பேசும்போது ஒன்று சொன்னார். மாநில அணிக்கு ஆடிய நிமிடங்களையும் சேர்ப்பதென்று கடைசி ஆட்டத்துக்கு முந்தின வாரமே முடிவு செய்துவிட்டார்களாம். கிருபா அப்போதே தகுதி பெற்றுவிட்டானாம். பக்கத்தில் இருந்த ரசாக் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் சொன்னேன்ல என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அன்றுகூட நான் இந்த ஸ்டேஷனுக்கு வரவில்லை. நேற்று காலை காளியாத்தாள் காங்கேயத்திலிருந்து பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு தூக்குவாளி. அதில் தேங்காயெண்ணெய்.

"உங்களுக்கு முட்டி வலின்னு சொல்லிக்கிட்டே இருப்பானுங்க சார். அடுத்த வாட்டி வரையில எண்ணெய் கொண்டாந்து தாரேன்னு சொல்லியிருந்தானாமா. அவன் சொன்னதை நானாச்சும் செய்யோணுமில்லீங்களா?"

உட்காரச் சொன்னேன். பூஜை அலமாரிக்கு எதிரே உட்கார்ந்தார். படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். உறை அங்கேதான் இருந்தது.

"பேரீச்சம்பழம் வாங்கிக் குடுத்தீங்களாமா. போன்ல சொன்னானுங்க. பெத்தவ பக்கத்துல இல்லாத கொறையை நீங்க பாத்துக்கிட்டீங்க. நல்லா இருப்பீங்க."

ரவிக்கைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பத்தரை பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்து போனார். அதன் பிறகு என்னால் அந்த வீட்டில் உட்கார முடியவில்லை. நிற்கவும் முடியவில்லை. விடிய விடிய முருகனைக் கூப்பிட்டுப் பார்த்தேன். அவர் படத்துக்கு அடியில் இருந்ததைத்தான் இப்போது உங்கள் மேசையில் வைத்திருக்கிறேன். எண்ணெயையும் கொண்டுவந்திருக்கிறேன். ஒரு சொட்டுகூடத் தொடவில்லை. அதை அந்த அம்மாவிடம் திருப்பிக் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள்.

அவன் சாவான் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். தெரிந்தே ஆடவிட்டேன். வெளியே வருகிறேன் என்று கேட்டபோதும் அனுப்பினேன். கொன்றேன் என்றே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு திருத்தம் மட்டும், ஐயா. விருதைச் சலுகையில் கொடுத்ததாக யாரும் பேசிவிடக் கூடாது. லீக் ஆட்டங்களில் மட்டும் அவன் ஆடியது ஆயிரத்து முந்நூற்று ஐம்பத்து நான்கு நிமிடம். நான்கு நிமிடம் கூடுதல். இரண்டு முறை கூட்டிப் பார்த்திருக்கிறேன், அதையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.